படம் ஊரெல்லாம் சுற்றுகிறது, எடுத்தவர் எங்கே?

சில வருடங்களுக்கு முன் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் பகிர்ந்தேன். மழையில் நிற்கும் பேருந்து, ஜன்னல் கண்ணாடியில் பதிந்திருக்கும் ஒரு குழந்தையின் உள்ளங்கை. யார் எடுத்தது என்று தேடிப் பார்க்கச் சோம்பல். ‘நன்றி: இணையம்’ என்று போட்டுவிட்டேன். இரண்டே நாளில் படம் எங்கெங்கோ போய்விட்டது. மூன்றாம் நாள் ஒரு தகவல் வந்தது: “தம்பி, அந்த இணையம் நான்தான்.”

எழுதியவர் எழுபதைத் தாண்டியவர். மன்னிப்புக் கேட்டு, பெயரைச் சேர்த்தேன். ஆனால் பெயரில்லாமல் போன பிரதிகள் போனவைதான், அவற்றைத் துரத்திப் பிடிக்க முடியவில்லை. நல்ல புகைப்படக்காரர்களை நாலு பேருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் சறுக்குவது இந்த இடத்தில்தான். படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம், ஆளை விட்டுவிடுகிறோம்.

பெயர் தொலைவது இணையம் வந்து ஏற்பட்ட வியாதி இல்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரைப் படமெடுத்து, 1937இல் அங்கேயே 26 வயதில் இறந்துபோன கெர்டா டாரோவின் படங்கள் பல, அவருடைய துணைவரும் போர்ப் புகைப்படக்காரருமான ராபர்ட் கேப்பாவின் பெயரில் வெளிவந்தன. அந்தப் போரில் எடுத்து, காணாமல் போயிருந்த சுமார் 4,500 நெகட்டிவ்கள் 2007இல் மெக்ஸிகோவிலிருந்து நியூயார்க் வந்து சேர்ந்த பிறகுதான், எது யார் எடுத்தது என்று பலவற்றைப் பிரித்துப் பார்க்க முடிந்தது. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று கொண்டாடப்படும் ஹோமாய் வியாரவாலாவின் ஆரம்பகாலப் படங்கள் அவருடைய கணவர் பெயரில்தான் அச்சாயின.

இன்று இதற்குக் கைவசம் வழி இருக்கிறது. படத்தை வைத்துத் தேடும் வசதியில், முதலில் வருவதை அப்படியே நம்பாமல், பழைய பதிவையும் பெரிய அளவுள்ள பிரதியையும் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பகிராதீர்கள். மூலக் கோப்புக்குள் புகைப்படக்காரர் எழுதிவைத்த பெயரும் குறிப்பும் அதில் வராது. பல சமூக வலைத்தளங்கள் படத்தை ஏற்றும்போதே அந்தக் குறிப்புகளை உருவிவிடும் என்பதால், பெயர், ஆண்டு, இடம் மூன்றையும் படத்தோடு சேர்த்து எழுதுங்கள், பின்னூட்டத்தில் அல்ல. எவ்வளவு தேடியும் பெயர் கிடைக்கவில்லையா? பகிராமல் வைத்திருங்கள். ஒன்றும் குடிமுழுகிவிடாது.

அடுத்தது ‘கண்டுபிடித்தேன்’ என்ற பேச்சு. 1991இல் நியூயார்க்கில் நடந்த ஆப்பிரிக்கக் கலைக் கண்காட்சி ஒன்றில் சில அற்புதமான உருவப்படங்கள் ‘புகைப்படக்காரர் யாரென்று தெரியவில்லை’ என்ற குறிப்போடு தொங்கின. எடுத்தவர் மாலி நாட்டின் பமாகோ நகரைச் சேர்ந்த செய்து கெய்தா. 1940களின் கடைசியில் அங்கே ஸ்டூடியோ திறந்து, நகரத்தையே உட்காரவைத்துப் படமெடுத்தவர். நியூயார்க்கில்தான் அவரை யாருக்கும் தெரியவில்லை. பமாகோவில் போய் விசாரித்ததும் ஆள் கிடைத்துவிட்டார். இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? ‘எனக்கு இப்போதுதான் தெரியவந்தது’ என்று எழுதினால் போதும், பொய்யும் இருக்காது.

விவியன் மையர் கதையில் வேறு மாதிரி கோளாறு. வாடகைக் கிடங்குக்குப் பணம் கட்டாததால் ஏலத்துக்கு வந்த, அவர் எடுத்த படங்களும் நெகட்டிவ்களும் இருந்த பெட்டிகளைச் சிகாகோவில் 2007இல் சிலர் வாங்கினார்கள். 2009இல் அவர் இறந்த பிறகு உலகப் புகழ். எந்தக் கட்டுரையை எடுத்தாலும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்த மர்மப் பெண்மணி என்பதுதான் முதல் வரி. அவருடைய ஃப்ரேமில் நிழல் எங்கே விழுகிறது, கண்ணாடிகளில் தன்னை எப்படி ஒளித்தும் காட்டியும் எடுத்தார் என்பதெல்லாம் கடைசிப் பத்திக்குப் போய்விடுகிறது. கதை ருசியாக இருந்தால் படத்தைப் பார்க்காமலே கட்டுரை எழுதிவிடலாம், அதுதான் ஆபத்து.

பேருந்துப் படக்காரரிடம் திரும்பி வருகிறேன். பிறகு அவர் வீட்டுக்கே போயிருந்தேன். செருப்பு டப்பா ஒன்றைத் திறந்தார், லேசாக வினிகர் வாடை. பழைய அசிட்டேட் ஃபிலிம் கெட்டுப்போகத் தொடங்கினால் வரும் வாடை அது. உடனே மற்ற ஃபிலிம்களிலிருந்து பிரித்து, குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைத்து, ஸ்கேன் செய்தாக வேண்டும். அப்புறம் கான்டாக்ட் ஷீட்டை எடுத்து மேசையில் விரித்தார், ஒரு ரோலின் எல்லா ஃப்ரேம்களும் தபால்தலை அளவில் ஒரே தாளில். நான் பகிர்ந்தது 17ஆம் ஃப்ரேம். அதற்கு அடுத்ததில் பேருந்து நகர்ந்துவிட்டது, கை இல்லை, கண்ணாடியில் விரல் தடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. அதைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் இரண்டு வட்டம். “எல்லாரும் பதினேழைத்தான் கேட்கிறார்கள். நான் எடுத்தது பதினெட்டு, பதினேழு அதற்கு வழி” என்றார்.

மூத்தவர்களிடம் நாம் செய்கிற தவறுகள் எல்லாம் அந்த மேசையில் இருந்தன. ஏற்கெனவே பேர்வாங்கிய ஒரே படத்தையே திரும்பத் திரும்பக் கேட்பது. அந்தக் காலக் கதைகளை மட்டும் சொல்லவைத்து, இப்போது என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்காமலே எழுந்து வருவது. படத்தில் இருப்பவர் யார், எந்த ஆண்டு என்பதை அவர் நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதிக்கொள்ளாமல் விடுவது. நியூயார்க் புகைப்படக்காரர் சால் லைட்டரின் பழைய கலர் படங்கள் 2006இல் புத்தகமாக வந்தபோது அவருக்கு 82 வயது. அவராவது இருந்து பார்த்தார். அமெரிக்கத் தெருக்களைப் படமெடுத்த கேரி வினோகிராண்ட் 1984இல் இறந்தபோது கழுவப்படாத ஃபிலிம் ரோல்கள் சுமார் 2,500 இருந்தன. எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று சொல்ல ஆள் இல்லை. மற்றவர்கள் தேர்ந்தெடுத்தார்கள், அது சரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

நல்லெண்ணத்தில் படத்தை ‘மெருகேற்றுவது’ இன்னொரு தொல்லை. திரைக்குப் பொருந்தவில்லை என்று க்ராப் செய்வார்கள், கறுப்பு வெள்ளைக்குக் கலர் பூசுவார்கள், மென்பொருளில் போட்டு முகத்தைக் கூர்மையாக்குவார்கள். இல்லாத இமைமுடியைக்கூட அது வரைந்துவிடும். அமெரிக்கப் புகைப்படக்காரர் லீ ஃப்ரீட்லாண்டர் செய்ததைப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸில் படமெடுத்த இ. ஜே. பெலோக் விட்டுப்போன 89 கண்ணாடி நெகட்டிவ்களை 1966இல் வாங்கினார். தன் பாணியில் அச்சிடாமல், பெலோக் காலத்து முறையைத் தேடிக் கற்று, வெயிலில் காட்டி எடுக்கும் தாளில் பிரிண்ட் போட்டார். அளவும் முக்கியம். கெய்தா தன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தவை பெரும்பாலும் 13க்கு 18 சென்டிமீட்டர் பிரிண்ட்கள், கையில் பிடித்துப் பார்ப்பதற்கு. கண்காட்சிகளில் அதையே சுவர் அளவுக்குப் பெரிதாக்கினார்கள். பிரமாதமாகத்தான் இருக்கிறது, ஆனால் அது வேறு பொருள்.

அனுமதி, பணம் இரண்டிலும் கூச்சம் வேண்டாம். நெகட்டிவ் கையில் இருப்பதால் பதிப்புரிமை கைக்கு வந்துவிடாது. மையர் படங்களின் வாரிசுரிமை 2014இல் நீதிமன்றம் வரை போனதற்குக் காரணம் இதுதான். ‘உங்களுக்கு நல்ல விளம்பரம்’ என்று சொல்லி இலவசமாகப் படம் கேட்பவர்கள் அதே வசனத்தை அச்சகத்தில் சொல்லிப் பார்க்கட்டும்.

இளையவர்களைப் பற்றி எழுதும்போது ‘அடுத்த இன்னார்’ என்று பட்டம் கட்டாதீர்கள். அது அவரைப் பார்க்காமல் இன்னாரைப் பார்ப்பது. ‘வேற லெவல்’ என்று ஒற்றை வரி போடுவதிலும் பயன் இல்லை. ஒரே படத்தில் மயங்கி எழுதவும் வேண்டாம், ஒரு நல்ல படம் யாருக்கும் வாய்க்கும். இருபது படங்களை வரிசையாகப் பார்த்தால் ஆள் எதைத் திரும்பத் திரும்பத் தேடுகிறார் என்று பிடிபடும். அதை எழுதுங்கள். தேடும் இடத்தையும் மாற்றுங்கள். விருப்பக்குறி அதிகம் விழுந்ததைத்தான் வலைத்தளம் உங்கள் முன் தள்ளும். பிரான்ஸின் ஆர்ல் நகரில் 1970இலிருந்து நடக்கும் புகைப்பட விழா, 1994இல் தொடங்கிய பமாகோ விழா, 2000இல் தொடங்கிய டாக்காவின் சோபி மேளா போன்றவற்றில் கலந்துகொண்டவர்களின் பட்டியலைப் புரட்டினாலே நீங்கள் கேள்விப்படாத பெயர்கள் வரிசையாக வரும். பிடித்தவருக்கு நேரடியாக எழுதிக் கேளுங்கள், எந்தப் படத்தைப் போடலாம் என்று. அவர் அனுப்புவது பெரும்பாலும் நீங்கள் நினைத்திருந்த படமாக இருக்காது.