மோட்டார் கடலில் திணறி நிற்கிறதா? முதலில் டேங்க் மூடியைப் பாருங்கள்

ஃபைபர் படகின் அவுட்போர்டு மோட்டார் கொஞ்ச தூரம் நன்றாக ஓடிவிட்டுத் திணறி நின்றால், கார்புரேட்டரில் கை வைப்பதற்கு முன் பெட்ரோல் டேங்க் மூடியைச் சற்றுத் தளர்த்துங்கள். (பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் வேண்டாம்.) ‘உஸ்’ என்று காற்று உள்ளே போய், பெட்ரோல் ஹோஸின் நடுவில் சப்பிக் கிடந்த ரப்பர் பல்பு (பெட்ரோலை ஏற்றக் கையால் அமுக்கும் உருண்டை) உப்பினால் கோளாறு மோட்டாரில் இல்லை. மூடி மேலிருக்கும் காற்றுத் திருகு திறக்கப்படவில்லை, அல்லது அதன் துளையில் உப்பும் அழுக்கும் அடைத்திருக்கிறது.

பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, மோட்டாரின் பம்பால் இழுக்க முடியாது. திருகைத் திறந்து துளையைச் சுத்தம் செய்தாலே போதும், மெக்கானிக் செலவு மிச்சம். ஆனால் மூடியைத் தளர்த்தியபடியே ஓட்டாதீர்கள். அலைத்தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்.

மூடியைத் திறந்தும் பல்பு சப்பையாகவே இருந்தால் இந்த வழி உதவாது. டேங்குக்குள் இருக்கும் வடிகட்டியையும் ஹோஸையும் பாருங்கள். கரையேறியதும் திருகை மூடி, ஹோஸைக் கழற்றிவிடுங்கள்: வெயிலில் டேங்க் உப்பினால் பெட்ரோல் மோட்டாருக்குள் தள்ளிக்கொண்டு போகும்.