தை பிறந்தாலும் மழை விடாது: சிகாமட் வட்டாரத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஊரின் மழைக் கணக்கையும் கூடவே கொண்டுவருகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. தை பிறந்தால் வானம் வெளுத்துவிடும். சிகாமட் இருக்கும் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் அந்தக் கணக்கு உதவாது. வடகிழக்குப் பருவமழை இங்கே நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீளும். சிகாமட்டைப் பெருவெள்ளம் சூழ்ந்த காலங்களைப் பாருங்கள்: 2006 டிசம்பர், 2011 ஜனவரிக் கடைசி, 2023 மார்ச் தொடக்கம். பொங்கல் முடிந்த பிறகும் வெள்ளம் வரும் என்பதை முதலில் மனத்தில் பதியவைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்கு வீட்டைத் தயார்செய்யும் வேலையைத் தொடங்கத் தீபாவளியே நல்ல கெடு. எப்படியும் வீட்டைச் சுத்தம் செய்வோம். ஒட்டடை அடிக்கும் ஏணியிலேயே இன்னும் இரண்டு படி ஏறிக் கூரையையும் பார்த்துவிடலாம். தோட்டப்புற வீடுகளில் பெரும்பாலும் தகரக் கூரைதான். தகரம் துருப்பிடித்து ஒழுகுவதைவிட, ஆணியின் அடியிலுள்ள ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து வெடித்து ஒழுகுவதுதான் அதிகம். வளையத்தை மாற்றினால் போதும், தகரத்தை மாற்றவேண்டியதில்லை. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் அக்டோபரிலேயே சொல்லிவிடுங்கள். மழை பிடித்த பிறகு கூரை வேலைக்கு ஆள் கிடைப்பது கடினம். ஈரத் தகரத்தில் நீங்களே ஏறுவதோ உயிருக்கே ஆபத்து.

கூரையோரத்தில் தண்ணீர் வடியும் தகரக் கால்வாயில் கிடக்கும் சருகை அள்ளுங்கள். அருகில் ரப்பர்த் தோட்டம் இருந்தால் இந்த வேலை ஒருமுறையோடு முடியாது. ரப்பர் மரங்கள் தைக் கடைசியிலும் மாசியிலும்தான் இலை உதிர்க்கும். தீபாவளிக்குச் சுத்தம் செய்த கால்வாய் அப்போது மறுபடி அடைத்துக்கொள்ளும். வாசலில் ஓடும் லோங்காங்கையும் (சாக்கடைக் கால்வாய்) அப்படியே பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு முன் அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏறுவது மேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில்.

மழைநீர் தேங்கும் டயர், பூந்தொட்டித் தட்டு, உடைந்த வாளி எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரமே போதும். டிங்கிக் காய்ச்சல் இங்கே ஆண்டு முழுவதும் உண்டு.

மின்சாரத்தில் அலட்சியம் வேண்டாம். மின்பலகையில் சோதனைப் பொத்தான் உள்ள மின்கசிவுத் தடுப்பான் இருக்கும். மாதம் ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்துங்கள்; மின்சாரம் உடனே துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கவில்லையென்றால் மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். இடி முழங்கத் தொடங்கியதும் தொலைக்காட்சி, இணையக் கருவி இரண்டின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். மின்தடை என்றால் மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்கு அழைக்கலாம். உயிராபத்து என்றால் 999.

ஆற்றின் நீர்மட்டத்தை வடிகால் துறையின் 'பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்' தளத்தில் யாரும் பார்க்கலாம். 'வாஸ்பாடா' என்றால் விழிப்பு, 'அமாரான்' என்றால் எச்சரிக்கை, 'பஹாயா' என்றால் ஆபத்து. இந்த மூன்று மலாய்ச் சொற்களையும் வீட்டில் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆனால் தளத்தைவிட எனக்கு நம்பிக்கை பக்கத்து வீட்டுப் பாட்டியிடம்தான். "போன வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது, பாட்டி?" என்று கேளுங்கள். சுவரில் கைவைத்தே காட்டுவார். அந்த உயரத்துக்கு மேல் அரிசியையும் துணியையும் ஏற்றிவையுங்கள். கடப்பிதழ் (பாஸ்போர்ட்), வேலை அனுமதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் தண்ணீர் புகாத ஒரே பையில் கதவருகே இருக்கட்டும். கார் வைத்திருப்பவர்கள் காப்பீட்டு ஒப்பந்தத்தைப் புரட்டிப் பாருங்கள். வெள்ளச் சேதத்துக்குப் பெரும்பாலும் தனியாகக் கட்டணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும்.

கிளம்பச் சொன்னால் கிளம்பிவிடுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். தற்காலிகத் துயர்துடைப்பு மையங்கள் பெரும்பாலும் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் இயங்கும். உங்களுக்கு அருகில் எது என்று முன்பே விசாரித்துவையுங்கள்.

திரும்பி வந்ததும் மின்பணியாளர் பார்க்கும்வரை மின்சாரத்தைப் போடவேண்டாம். சேற்றை அள்ளும்போது ரப்பர்ச் சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள். அலமாரிக்கு அடியில் கைவிடும் முன் குச்சியால் தட்டிப் பாருங்கள், பாம்பு ஒதுங்கியிருக்கலாம். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வெள்ளநீர் வழியே பரவும் எலிக்காய்ச்சலைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்திவிடலாம்.