மான் வேட்டைக்கு எந்த அம்பு முனை: ஃபிக்ஸடா, மெக்கானிக்கலா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது இங்கே செய்யக்கூடிய காரியம் இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் மானை வேட்டையாடுவது குற்றம். கிண்டியில் இருக்கும் புள்ளிமானையும் வெளிமானையும் கண்ணால் பார்ப்பதோடு சரி. ஆனால் சென்னையிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் அமெரிக்கா போய், அங்கே உரிமம் எடுத்து வில்லோடு காட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. பென்சில்வேனியாவில் நான்கு வருடம் இருந்தபோது நானும் போயிருக்கிறேன். இப்போது அக்கா மகன் அங்கே இருக்கிறான், போன வாரம் போன் செய்து "மாமா, ஃபிக்ஸடா மெக்கானிக்கலா, எதை வாங்கட்டும்?" என்று கேட்டான். வேளச்சேரி வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து அவனுக்கு ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

வேட்டை அம்பின் முனையை பிராட்ஹெட் என்பார்கள். ஃபிக்ஸட் வகையில் பிளேடுகள் அசையாமல் விரிந்தபடியே இருக்கும். மெக்கானிக்கல் வகையில் பறக்கும்போது மடங்கியிருந்து, உடம்பில் பட்டதும் குடை மாதிரி விரியும். ஃபிக்ஸடின் வெட்டு அகலம் பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்றேகால் அங்குலம், மெக்கானிக்கல் என்றால் ஒன்றரை, இரண்டு, அதற்கு மேலும் போகும். காயம் அகலமானால் ரத்தம் நிறையச் சிந்தும், தடம் பிடித்துப் போவது சுலபம். கடையில் மெக்கானிக்கலை எடுத்து நீட்டுவதற்கு இது ஒரு காரணம், அது பொய்யும் இல்லை.

ஆனால் அந்தக் குடை விரிய பலம் வேண்டும், அந்தப் பலம் அம்பின் வேகத்திலிருந்துதான் போகிறது. அதனால் முனையைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் வில்லைப் பாருங்கள். நாணை இழுக்க 60 பவுண்டுக்கு மேல் பலம் கேட்கிற காம்பவுண்ட் வில் (இரண்டு முனையிலும் கப்பி வைத்த வில்), அம்பும் 400 கிரெய்னுக்குக் (சுமார் 26 கிராம்) குறையாத கனம் என்றால் மெக்கானிக்கல் தாராளமாக வேலை செய்யும். 50 பவுண்டுக்குக் கீழே என்றால் யோசிக்கவே வேண்டாம், ஃபிக்ஸட்தான். இங்கே இலக்குப் பலகையில் பழகிவிட்டுப் போகிறவர்கள் 40 பவுண்டு சுமாரில்தான் இழுத்துப் பழகியிருப்போம், அங்கே போய் ஒரே மாதத்தில் 65 பவுண்டு வில்லை வாங்கித் தோளைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஃபிக்ஸடில் ஒரு தொல்லை இருக்கிறது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பிளேடு காற்றைப் பிடிக்கும், வில் சரியாக ட்யூன் ஆகவில்லை என்றால் பயிற்சி முனை பட்ட இடத்தில் இது படாது, 30 கெஜத்தில் ஒரு சாண் தள்ளிக்கூடப் போகும். அதற்காக மெக்கானிக்கலுக்கு மாறுகிறவர்கள் நிறைய பேர். எனக்கு அது பிடிக்காது. அம்பு கோணலாகப் போகிறது என்றால் வில்லில்தான் கோளாறு, அம்பு படுத்திருக்கும் தாங்கியான ரெஸ்டைத் துளித் துளியாக நகர்த்தி இரண்டு முனையும் ஒரே இடத்தில் விழும்வரை எய்து பாருங்கள், ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இரண்டாவது வருடம் மெக்கானிக்கலோடு போனேன். பெண் மான், 22 கெஜம், ஆனால் நெஞ்சை என் பக்கம் காட்டிக் கோணலாக நின்றது. பொறுத்திருக்க வேண்டும், பொறுக்கவில்லை. அம்பு தோள்பட்டை எலும்பில் சறுக்கியது. கீழே கிடந்த அம்பில் ஒரு பிளேடு விரியவே இல்லை, இன்னொன்று வளைந்திருந்தது, ரத்தம் நகம் அளவுக்கு. இருட்டும்வரை தேடினேன், மறுநாள் காலையிலும் தேடினேன், கிடைக்கவில்லை. அந்த மான் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மான் முழுப் பக்கவாட்டிலோ, நம்மைவிட்டுச் சற்று விலகிய திசையிலோ நின்றால் மட்டும், முன்னங்காலுக்குப் பின்னால் நுரையீரலைக் குறிவையுங்கள். அப்படி நிற்கும்போது எந்த முனையும் சரிதான். நிலை கொஞ்சம் பிசகினாலும் மெக்கானிக்கல் அதிகமாகக் காலை வாரும்.

எடையையும் கவனியுங்கள். 100, 125 கிரெய்னில் கிடைக்கும். 125 கிரெய்ன் என்பது ஏறக்குறைய ஒரு சவரன், அவ்வளவுதான். பயிற்சி முனையும் அதே எடையில் இருக்க வேண்டும். கூர்மை தெரிய ஒரு ரப்பர் பேண்டை இழுத்துப் பிடித்து பிளேடைத் தொடவைத்தாலே அறுந்துவிட வேண்டும். அழுத்தினால்தான் அறுகிறது என்றால் தீட்டுங்கள், இல்லை பிளேடை மாற்றுங்கள். மெக்கானிக்கல் என்றால் பிளேடைப் பிடித்திருக்கும் வளையத்தை ஒவ்வொரு தடவை எய்த பிறகும் மாற்றுங்கள். அப்புறம், சில மாநிலங்கள் மெக்கானிக்கலுக்கும் வெட்டு அகலத்துக்கும் தனி விதி வைத்திருக்கின்றன, அந்த வருட விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டே வாங்குங்கள்.

அக்கா மகனின் வில் 48 பவுண்டு. மூன்று பிளேடு ஃபிக்ஸட், 125 கிரெய்ன், ஆறு வாங்கச் சொன்னேன்: மூன்று பழக, மூன்று காட்டுக்கு.