ஊருக்கு வருகிறவர் பெட்டியில் காற்றுத் துப்பாக்கி: தமிழ்நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது

லெஸ்டரில் பிறந்து வளர்ந்த என் அக்கா மகன் ஒரு கோடையில் சிங்கம்புணரிப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு வந்தபோது, விமான நிலையத்தில் அவனுடைய பெட்டியை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டார்கள். ஊடுகதிர்த் திரையில் கரிய புள்ளிகள் கூட்டமாகத் தெரிந்திருக்கின்றன. காலணி ஒன்றுக்குள் காலுறையில் சுற்றிக் கிடந்த வட்டத் தகர டப்பாவை அதிகாரி திறந்து தட்டில் கவிழ்த்தார். பெல்லட் எனப்படும், இடுப்பு சிறுத்த ஈயக் குண்டுகள் ஐந்நூறு சிதறி உருண்டன. துப்பாக்கி லெஸ்டர் வீட்டிலேயே இருந்தது, டப்பா மட்டும் மறந்துபோய் வந்திருந்தது. அவனை விட்டுவிட்டார்கள் என்றாலும், எழுதிக் கொடுத்துக் கையெழுத்திட்டு வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. "அங்கே இதைக் கடையில் சும்மாவே வாங்கலாமே, மாமா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். அவன் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அவன் அறிந்திருந்தது இங்கிலாந்தின் சட்டம். வருகிறவர் பலரும் இங்கேதான் இடறுகிறார்கள் என்பதால், தமிழ்நாட்டிற்கு வரும் உறவினர்களுக்கு நான் சொல்லி வருவதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இலங்கைக்குப் போகிறவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் என்ற வேறொரு சட்டம் நடப்பில் உள்ளது.

இந்தியாவில் அடிப்படைச் சட்டம் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். வெடிமருந்தாலோ "பிற வகை ஆற்றலாலோ" எறிபொருளை வெளியே தள்ளும் எந்தக் கருவியும் சுடுகலன் என்று அதன் 2ஆம் பிரிவு சொல்கிறது. அழுத்திய காற்று, சுருள்வில், கரியமில வாயு ஆகிய மூன்றும் அந்தச் சொற்களுக்குள் அடங்கிவிடும். ஆகவே ஏர்கன் என்பது விளையாட்டுச் சாமான்தானே என்ற வாதத்திற்குச் சட்டத்தின் முதல் பக்கத்திலேயே இடமில்லை. அது துப்பாக்கிதான், ஒரு வரம்புக்குள் இருக்கும்வரை உரிமம் வேண்டாம் என்ற சலுகை அதற்கு உண்டு, அவ்வளவே. முன்பெல்லாம் மரப்பலகையில் சுட்டுப் பார்த்து, குண்டு துளைத்துக்கொண்டு போகிறதா என்று சோதித்து அந்த வரம்பை முடிவு செய்தார்கள். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் அதை இரண்டு எண்களாக்கின: குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு, அதாவது 0.177 அங்குலத்திற்கு, மேற்படக் கூடாது. குழல்வாயில் குண்டின் ஆற்றல் 20 ஜூலைத் (ஜூல் என்பது ஆற்றலின் அலகு) தாண்டக் கூடாது. இவற்றுள் ஒன்றை மீறினாலும் உரிமம் வேண்டும். உரிமமின்றி வைத்திருந்தால் 25ஆம் பிரிவு பாயும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் அதற்கான சிறைத் தண்டனை 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை.

இங்கிலாந்திலிருந்து வருகிறவர்கள் உள்விட்டத்தைத்தான் கவனிக்க வேண்டும். அங்கே ரைஃபிளுக்கு 12 அடி-பவுண்டு என்பது எல்லை. அது ஏறக்குறைய 16 ஜூல், நம் எல்லையை விடக் குறைவுதான். ஆனால் உள்விட்டத்திற்கு அங்கே இப்படியொரு வரம்பு இல்லை. தோட்டத்து முயல், புறா சுடுகிறவர்கள் பெரும்பாலும் 0.22 என்ற 5.5 மில்லிமீட்டர் ரைஃபிளைத்தான் வைத்திருப்பார்கள். இங்கிலாந்தில் உரிமமே தேவைப்படாத அந்தத் துப்பாக்கி, ஆற்றல் எவ்வளவு குறைவாக இருந்தாலும், தமிழ்நாட்டில் உரிமம் வேண்டிய ஆயுதம். (ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் காற்றுத் துப்பாக்கிக்கே உரிமம் வேண்டும், ஒரே தீவுக்குள் இரண்டு சட்டம்.) கனடாவில் கணக்கு வேறு மாதிரி: குண்டின் வேகம் நொடிக்கு 152.4 மீட்டரையும் ஆற்றல் 5.7 ஜூலையும் சேர்ந்து தாண்டினால்தான் அது சட்டப்படி முழுத் துப்பாக்கி. ஆஸ்திரேலியாவில் சாதாரண காற்று ரைஃபிளுக்கே உரிமம் வேண்டும் என்பதால், அங்கிருந்து வருகிறவர்கள் பொதுவாக எச்சரிக்கையோடுதான் வருகிறார்கள்.

20 ஜூல் என்பதைக் கையில் பிடித்துப் பார்க்க ஒரு சிறு கணக்குப் போதும். 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு ஒன்றின் எடை ஏறக்குறைய அரை கிராம். அது நொடிக்கு 280 மீட்டர் வேகத்தில் வெளியேறினால் ஆற்றல் 19.6 ஜூல், 290 மீட்டர் என்றால் 21 ஜூல். உரிமம் வேண்டாத துப்பாக்கிக்கும் வேண்டிய துப்பாக்கிக்கும் இடையே இருப்பது அந்தப் பத்து மீட்டர்தான். சுருள்வில்லை மாற்றி "கொஞ்சம் பவர் ஏற்றித் தருகிறேன்" என்று சொல்லும் பழுதுபார்ப்பவரிடம் ஏன் போகக் கூடாது என்பது இதிலிருந்து விளங்கும்.

பிபி துப்பாக்கி என்ற பெயரில் இரண்டு வேறு பொருள்கள் வழங்குகின்றன. எஃகுக் குண்டு போடும் 4.5 மில்லிமீட்டர் வகை மேலே சொன்ன வரம்புக்குள் அடங்கும். 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு போடும் ஏர்சாஃப்ட் வகையின் ஆற்றல் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஜூல்தான். ஆனால் உள்விட்டத்தை மட்டும் பார்த்தால் அது எல்லையைத் தாண்டிவிடுகிறது. அதோடு, அசல் கைத்துப்பாக்கியின் அச்சாகவே அது செய்யப்பட்டிருக்கும். 2016ஆம் ஆண்டு விதிகள் போலித் துப்பாக்கிகளையும் வண்ணக் குண்டுத் துப்பாக்கிகளையும் தனியே பெயர் சொல்லிக் கணக்கில் எடுத்திருக்கின்றன. டொராண்டோவில் பிள்ளைகள் வார இறுதியில் விளையாடும் ஏர்சாஃப்டை இங்கே கொண்டுவந்து, தெருவில் நிற்கும் காவலரிடம் ஜூல் கணக்கு விளக்கிக்கொண்டிருப்பது புத்தியுள்ள காரியம் அல்ல.

கொண்டுவருவதற்குத்தான் தடைகள் அதிகம். ஆயுதச் சட்டத்தின் 10ஆம் பிரிவைப் படித்தவர்கள், உரிமம் வேண்டாத ஆயுதத்தைச் சொந்தப் பயன்பாட்டுக்காக அளவாகக் கொண்டுவரலாம் என்று அதிலேயே இருக்கிறதே என்பார்கள். இருப்பது உண்மைதான். ஆனால் விமான நிலையத்தில் உங்கள் முன் நிற்கிறவர் சுங்க அதிகாரி. அவர் பார்ப்பது இறக்குமதிக் கொள்கையை. காற்றுத் துப்பாக்கி அதில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள், முன் அனுமதி வேண்டும். அறிவிக்க எதுவும் இல்லை என்பவர்களுக்கான பச்சை வழியில் நடந்து வந்து பிடிபட்டால், பொருள் பறிமுதலாவதோடு 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி தண்டத் தொகையும் கட்ட நேரும். எப்படியோ பெட்டிக்குள் வந்துவிட்டது என்று இறங்கிய பிறகு தெரிந்தால், பொருளை அறிவிக்க வேண்டியவர்களுக்கான சிவப்பு வழிக்குப் போய் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுங்கள். உண்மையாக அறிவித்த பொருளை நிறுத்தி வைத்து, நாடு திரும்பும்போது தரும்படி பயணி கேட்கலாம் என்று அதே சட்டத்தின் 80ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்புக்கொள்வது அதிகாரியின் விருப்பம். ஆனால் கேட்டால்தானே கிடைக்கும். ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். திரும்பும் பயணத்தையும் அதே விமான நிலையத்தின் வழியாக அமைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பையைப் பொறுத்தவரை பேச்சுக்கே இடமில்லை. பிபி துப்பாக்கி, பெல்லட் துப்பாக்கி, அசலைப் போன்ற போலி, துப்பாக்கி வடிவ லைட்டர், துப்பாக்கியின் உதிரிப் பாகம் எதையும் இந்திய விமானங்களில் உள்ளே கொண்டுபோக முடியாது. மதுரைக்கு உள்நாட்டு விமானம் மாறுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். சிறிய கரியமில வாயுக் குப்பிகளையும் விட்டுவிட்டு வாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களுக்கு இதை விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சுடுதளத்திற்குக் கொண்டுபோன அதே பையில் துணி அடுக்கிக்கொண்டு வந்து, அதன் ஓரத் தையலில் கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்காக வழக்கில் சிக்கியவர்கள் பலர். பெல்லட் வெறும் ஈயம். தோட்டாவில் வெடிமருந்து இருக்கிறது, அது உரிமம் வேண்டிய பொருள். அறிந்து வைத்திருந்தால்தான் குற்றம் என்பதை உச்ச நீதிமன்றம் 1972ஆம் ஆண்டின் குன்வந்த்லால் வழக்கிலேயே விளக்கியிருக்கிறது. அந்த அடிப்படையில் உயர் நீதிமன்றங்கள் இத்தகைய வழக்குகளைப் பலமுறை ரத்து செய்துமிருக்கின்றன. ஆனால் ரத்தாகும்வரை வழக்கு வழக்குதான். விடுமுறை அதற்குள் முடிந்துவிடும். பழைய பையைத் தலைகீழாக உதறிப் பார்த்துவிட்டு அடுக்குவதற்கு இரண்டு நிமிடம் போதும்.

ஊருக்கு வந்து இங்கேயே வாங்குவது எளிது. வரம்புக்குட்பட்ட ஏர்கன்னைத் துப்பாக்கிக் கடைகளில் அடையாளச் சான்று, முகவரிச் சான்று, 18 வயது நிறைந்ததற்கான சான்று ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டு தருகிறார்கள். ரசீதில் உள்விட்டமும் ஆற்றலும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வழியில் காவலர் கேட்டால் காட்ட உங்களிடம் இருப்பது அதுதான்.

வாங்கிய பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் உண்மையான சிக்கல் வருகிறது. மெரினாவிலும் திருவிழாத் திடலிலும் பலகையில் பலூன் கட்டிச் சுட வைக்கும் கடைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஏர்கன் என்றால் பயம் கிடையாது. ஊரில் ஒரு சித்தப்பா இருப்பார். "கண்மாய்ப் பக்கம் போனால் கொக்கு கிடைக்கும், கௌதாரி கிடைக்கும்" என்று அழைப்பார். அவர் இளவயதில் அப்படித்தான் நடந்தது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், கொல்வதை மட்டுமல்லாமல் கொல்ல முயல்வதையும் வேட்டை என்றே கொள்கிறது; குறி தப்பியதால் குற்றமும் தப்பாது. விலங்கைக் காயப்படுத்தக் கூடிய எந்தக் கருவியும் அச்சட்டத்தில் ஆயுதம்தான் என்பதால், 20 ஜூல், 4.5 மில்லிமீட்டர் என்ற சலுகையெல்லாம் இங்கே உதவாது. கவண் கூட அதில் அடங்கும். மைனாவும் பச்சைக்கிளியும் கூடப் பாதுகாக்கப்பட்டவை. தோட்டத்தைப் பாழாக்குகிறதே என்று மயிலைச் சுட்டால், அது மிக உயர்ந்த பாதுகாப்புள்ள முதல் அட்டவணைப் பறவை, தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. எங்கள் பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிச் சரணாலயத்துக் கண்மாய்களுக்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கே ஊர்க்காரர்கள் வெடி வெடிப்பதில்லை. அந்த ஊருக்கு அருகில் தோளில் ஏர்கன்னோடு போகிறவரைப் பற்றி வனத்துறைக்கு முதலில் தகவல் சொல்வது அநேகமாக ஊர்க்காரர்களாகவே இருப்பார்கள்.

சுடாமலே மாட்டிக்கொள்ளவும் வழியுண்டு. சரணாலயத்திற்குள் ஆயுதத்தோடு நுழைவதையே அச்சட்டத்தின் 31ஆம் பிரிவு தடுக்கிறது. தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் அனுமதி வேண்டும். கோயம்புத்தூரில் வாங்கிய ஏர்கன்னைக் காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு ஊட்டி வழியாக மைசூருக்குப் போனால், சாலை முதுமலைக்குள்ளும் பந்திப்பூருக்குள்ளும் புகுந்து போகிறது. சோதனைச் சாவடியில் பின்பெட்டியைத் திறக்கச் சொன்னால், "நான் சுற்றுலாப் பயணி" என்பது விடையாகாது.

தெருநாயைச் சுடுவது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். மொட்டை மாடியில் டப்பாவை வைத்துக் குறிபார்க்கும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கண் போனால் 125ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை போகலாம். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 2 ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத் தண்டனை பெற்றாலோ, 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றத்திற்குக் குற்றப்பத்திரிகை தாக்கலானாலோ அந்த அட்டையை ரத்து செய்யலாம் என்று 2025 ஆகஸ்டில் அறிவிக்கை வந்திருக்கிறது. மேலே சொன்ன மயில் கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

பிள்ளைக்குச் சுடுவதில் உண்மையான ஆர்வம் இருந்தால் துப்பாக்கிச் சுடும் சங்கங்களை விசாரிக்கலாம். சென்னையிலும் கோவையிலும் பழைய ரைஃபிள் கிளப்புகள் உள்ளன. ஒலிம்பிக்கின் 10 மீட்டர் காற்று ரைஃபிள் 4.5 மில்லிமீட்டர்தான், ஆற்றலும் வரம்புக்கு மிகக் கீழே. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோவில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றது இந்தப் பிரிவில்தான். விருந்தினர் சுடுவதற்கான நடைமுறையைப் புறப்படும் முன்பே அவர்களிடம் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும் பயணத்தில் பெட்டியை மறுபடி ஒருமுறை பாருங்கள். திருவிழாக் கடையில் தாத்தா வாங்கிக் கொடுத்த தகரத் துப்பாக்கியும், அதற்கான பொட்டு வெடிச் சுருளும் பிள்ளைகளின் பையில் இருக்கும். பொட்டு வெடி வெடிபொருள். கைப்பையிலோ சரக்குப் பெட்டியிலோ விமானத்தில் ஏற்றவே கூடாது. துப்பாக்கி பார்ப்பதற்கு அசலைப் போல் இருந்தால், கனடாவின் போலித் துப்பாக்கித் தடையும் இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டுச் சட்டமும் அங்கே காத்திருக்கின்றன. சிங்கப்பூரில் இறங்கி இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறவர்கள் துப்பாக்கி வடிவ லைட்டரைக் கூடக் கொண்டுபோக முடியாது. என் அக்கா மகன் திரும்பிப் போகும்போது தகர டப்பாவில் எள்ளுருண்டை வைத்து அனுப்பினோம். அதையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் விட்டார்களாம்.