குளிரூட்டும் ரியாக்டர் சிமுலேஷன்: கிராஃப் வழவழவென்று வந்தால் உடனே நம்பாதீர்கள்

வெப்பம் உமிழும் வினை நடக்கும் கலக்கித் தொட்டி, அதைச் சுற்றிக் குளிர்விக்கும் ஜாக்கெட், வெப்பநிலையைப் பிடித்து வைக்க ஒரு பிஐடி கன்ட்ரோலர் (விலகலின் அளவு, அதன் கூட்டுத்தொகை, அது மாறும் வேகம் மூன்றையும் வைத்து ஜாக்கெட்டை மாற்றுவது). இதைக் கணினியில் எழுதினால் முதல் ரன்னிலேயே அழகான கோடு வந்துவிடுவது உண்டு. சந்தேகப்பட வேண்டிய இடமே அதுதான்.

பாடங்களில் அடிக்கடி வரும் எண்களையே எடுத்துக்கொள்வோம். 100 லிட்டர் தொட்டி. 350 கெல்வினில் நிமிடத்துக்கு 100 லிட்டர் ஃபீட் (உள்ளே வரும் திரவம்), அதன் செறிவு லிட்டருக்கு 1 மோல். முதல்படி வினை (வேகம் செறிவுக்கு நேர்விகிதம்), அதற்கு E/R, அதாவது கிளர்வு ஆற்றலை வாயு மாறிலியால் வகுத்தது, 8750 கெல்வின். வினை வெப்பம் மோலுக்கு 50,000 ஜூல், UA (ஜாக்கெட் வழியே வெப்பம் கடக்கும் திறன்) நிமிடத்துக்கு, கெல்வினுக்கு 50,000 ஜூல், லிட்டரின் வெப்பக் கொள்ளளவு 239 ஜூல். ஜாக்கெட் 300 கெல்வினில் இருந்தால் தொட்டி 350-இல் சமநிலைக்கு வரும்; அங்கே வினைவேக மாறிலி k நிமிடத்துக்கு 1.

முதல் தவறு, வெப்பநிலையிலிருந்து k-ஐத் தரும் ஆரீனியஸ் சமன்பாட்டில் செல்சியஸ் போடுவது. 350-க்குப் பதில் 77 போனால் அதன் அடுக்கு (−E/RT) −25-இலிருந்து ஏறத்தாழ −114-க்கு இறங்கும், வினையே நடக்காது. ஆனாலும் கன்ட்ரோலர் ஜாக்கெட்டைச் சூடாக்கி, தொட்டியைச் சமர்த்தாக 77-இல் நிறுத்தும். தொட்டியின் கோட்டை மட்டும் பார்த்தால் பிடிபடாது. ஜாக்கெட்டின் கோட்டையும் வரையுங்கள்.

அடுத்தது, சிமுலேஷனைச் சரியாகச் சமநிலைப் புள்ளியில் தொடங்கி, கோடு அசையவில்லை என்பதால் அமைப்பு நிலையானது என்று முடிவு கட்டுவது. இந்தப் புள்ளி நிலையற்றது. வெப்பநிலை சற்று ஏறினால், கூடுதலாகப் பிறக்கும் வெப்பம் கூடுதலாக வெளியேறும் வெப்பத்தை மிஞ்சும். கன்ட்ரோலர் இல்லாவிட்டால் சிறு விலகல் ஒரே நிமிடத்தில் பத்து மடங்குக்கு மேல் வளரும். லூப்பைத் திறந்து வைத்து (கன்ட்ரோலரை விலக்கி) ஸ்டெப் டெஸ்ட் செய்து, அதாவது ஜாக்கெட்டைத் திடீரென ஒரு படி மாற்றிப் பார்த்து, டியூன் செய்யும் வழக்கமான முறை இங்கே உதவாததும் அதனால்தான்.

நான் மிக முக்கியமாகக் கருதுவது கெய்ன் (விலகலுக்குக் கன்ட்ரோலர் எவ்வளவு பலமாக எதிர்வினை காட்டுகிறது என்பது) பற்றிய தவறு. ஆட்டம் கண்டதும் கெய்னைக் குறைப்பது பலருக்குப் பழக்கம். இந்தத் தொட்டியில் அது ஆபத்து. ஜாக்கெட் வெப்பநிலையை நேரடியாக மாற்றும் வெறும் பி கன்ட்ரோலர் (விலகலின் அளவை மட்டும் பார்ப்பது) என்றால், தொட்டியில் ஒரு டிகிரி ஏற்றத்துக்கு ஜாக்கெட்டைக் குறைந்தது 1.14 டிகிரியாவது இறக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் நிலைத்தன்மை கிடையாது. மேல் பக்கமும் எல்லை உண்டு: ஜாக்கெட் குளிர எடுக்கும் நேரம், சென்சாரின் தாமதம். இவற்றை மாடலில் விட்டுவிட்டால் எந்தப் பெரிய கெய்னும் வேலை செய்வதுபோலத் தெரியும்.

ஆய்லர் முறையில் (இப்போதைய மாற்ற வேகத்தை வைத்தே அடுத்த மதிப்பைக் கணக்கிடும் எளிய முறை) பெரிய டைம் ஸ்டெப் எடுப்பதும் கெடுக்கும். 400 கெல்வினில் k ஏறத்தாழ 23. 0.1 நிமிட ஸ்டெப்பில் செறிவு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். உடனே வினை வெப்பத்தை உறிஞ்சுவதாகக் கணக்கு காட்டும், ரன்அவே (வெப்பநிலை கட்டுமீறி ஏறுவது) மறைந்துவிடும். ஸ்டெப்பைத் தானே மாற்றிக்கொள்ளும், ஸ்டிஃப் சமன்பாடுகளுக்கான (மிக வேகமான மாற்றமும் மெதுவான மாற்றமும் கலந்தவை) சால்வர் போடுங்கள்.

கடைசியாக, குளிர்நீருக்கு எல்லை வைக்காமல் விடுவது. கன்ட்ரோலர் கேட்டால் ஜாக்கெட் 150 கெல்வினுக்கும் போகும், கணினி மறுக்காது. வால்வுக்கும் நீரின் வெப்பநிலைக்கும் வரம்பு வையுங்கள். வரம்பில் முட்டி நிற்கும்போது இன்டெக்ரல் (விலகலின் கூட்டுத்தொகை) வீணாகச் சேராதபடி தடுக்கும் ஆன்டி-விண்டப்பும் சேருங்கள். பிறகு செட்பாயிண்டை (தொட்டிக்கு வைத்த இலக்கு வெப்பநிலை) தொடாமல் ஃபீட் வெப்பநிலையை மட்டும் சில டிகிரி ஏற்றி ஓட்டிப் பாருங்கள். ஜாக்கெட்டின் கோடு வரம்பில் முட்டி நிற்க, தொட்டியின் கோடு ஏறிக்கொண்டே போனால், டியூனிங்கால் அதைச் சரிசெய்ய முடியாது. குளிர்விக்கும் பரப்பையோ ஃபீட் செறிவையோதான் மாற்ற வேண்டும்.