ஏழு எழுத்துகளில் பன்னிரண்டு எழுத்துச் சொல்: வாலைப் பிடித்துத் தேடுங்கள்

நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் ஸ்பெல்லிங் பீ புதிர் 2018-இல் இணையத்துக்கு வந்தது. தினமும் ஏழு ஆங்கில எழுத்துகள் தருவார்கள். ஒன்று நடுவில், ஆறு சுற்றிலும், தேன்கூடு மாதிரி. நடு எழுத்து எல்லாச் சொல்லிலும் வர வேண்டும். சொல்லில் குறைந்தது நான்கு எழுத்து வேண்டும். ஒரே எழுத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். நான்கெழுத்துச் சொல்லுக்கு 1 புள்ளிதான். ஐந்திலிருந்து எழுத்துக்கு ஒரு புள்ளி. ஏழு எழுத்தும் வந்துவிட்டால் அது 'பேங்கிராம்', கூடுதலாக 7 புள்ளி.

நான் ஆடத் தொடங்கியபோது கோட், டெயில் என்று நான்கெழுத்துச் சொற்களாகவே பொறுக்கிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் போனாலும் பத்துப் புள்ளி தேறாது. நீளச் சொல்லை முதல் எழுத்திலிருந்து தேடக் கூடாது, கடைசியிலிருந்து தேட வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது.

நாமே ஒரு புதிர் போட்டுக்கொள்வோம். எழுத்துகள்: ஏ, சி, ஐ, எல், என், ஓ, டீ. நடு எழுத்து டீ. (டேபிளின் முதல் எழுத்து, டாக்டரின் முதல் எழுத்து அல்ல. தமிழில் எழுதினால் இந்தக் குழப்பம் வரும்.)

முதல் படி. ஒரு தாளில் உயிரெழுத்துகளை இடப்பக்கமும் மற்றவற்றை வலப்பக்கமும் எழுதுங்கள். ஏ, ஐ, ஓ ஒரு பக்கம். சி, எல், என், டீ மறுபக்கம். அவ்வளவுதான்.

இரண்டாம் படி: வால். 'பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்ற சொல்லை நாம் யாரும் மனப்பாடம் செய்ததில்லை. ஒட்டி ஒட்டிச் சொல்கிறோம். ஆங்கிலத்தின் நீளச் சொற்களிலும் பாதிக்கு மேல் ஒட்டுவேலைதான், ஒட்டுகிற துண்டுகள் மட்டும் குறைவு. அவற்றில் எது நம் எழுத்துகளில் அமைகிறது என்று பாருங்கள். 'இங்' ஆகாது, ஜி இல்லை. 'மென்ட்', 'நெஸ்', 'எபிள்' மூன்றுக்கும் ஈ வேண்டும், அதுவும் இல்லை. மிஞ்சுவது 'ஷன்', அதாவது டீ-ஐ-ஓ-என். நடு எழுத்தும் அதற்குள்ளேயே இருக்கிறது. பெரிய அதிர்ஷ்டம்.

மூன்றாம் படி: வாலுக்கு முன்னால் என்ன? பெரும்பாலும் ஏ வரும்: ஏஷன். இங்கேதான் ஒரு சூட்சுமம். 'ஏட்' என்று முடியும் வினைச்சொற்களை நினைத்துப் பாருங்கள்: லொக்கேட், அலொக்கேட். இவற்றின் கடைசி எழுத்து ஈ. அது நம்மிடம் இல்லாததால் இந்த வினைகளை எழுத முடியாது, ஆகவே கண் அவற்றைத் தாண்டிப் போய்விடும். ஆனால் ஷன் சேரும்போது அந்த ஈ தானே உதிர்ந்துவிடுகிறது! லொக்கேஷன் 8 எழுத்து, அலொக்கேஷன் 10. இரண்டிலும் ஏழு எழுத்தும் இருக்கின்றன. இன்க்ளைன் என்பதிலும் இதே கதை: ஈ உதிர்ந்து ஏஷன் ஏறினால் இன்க்ளினேஷன், 11 எழுத்து, அதுவும் பேங்கிராம். கையில் இல்லாத எழுத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பது முதலில் கிறுக்குத்தனமாகத் தோன்றும். பழகிவிடும்.

ஏ-க்குப் பதில் ஐ வைத்தும் பாருங்கள். செய்தித்தாளில் தினம் படிக்கிற சொல்தான்: கோயலிஷன், கூட்டணி. 9 எழுத்து.

காதை மட்டும் முழுசாக நம்ப வேண்டாம். 'ஷன்' என்ற ஒலியை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதுவார்கள். மியூசிஷன் என்பதில் அது சி-ஐ-ஏ-என். நம் எழுத்துகளில் அதற்கும் வழி உண்டு: டாக்டிஷன், வியூகம் வகுப்பவர், 9 எழுத்து.

நான்காம் படி: தலை. கான், கால், இன், ஆன்டி. இவற்றை வாலோடு சேர்த்து வைத்து நடுவில் என்ன பொருந்தும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சி-ஓ-என், நடுவில் கொஞ்சம் இடம், கடைசியில் ஏஷன்... தொழிலாளர் துறையில் 'கன்சிலியேஷன் ஆபீசர்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் இடையே சமரசம் பேசுபவர். அந்தக் கன்சிலியேஷன்தான். சி-ஓ-என்-சி-ஐ-எல்-ஐ-ஏ-டீ-ஐ-ஓ-என். 12 எழுத்து, பேங்கிராமுக்கு 7, மொத்தம் 19 புள்ளி.

ஐந்தாம் படி. எழுத்தை இரட்டித்துப் பாருங்கள். எல் இரண்டு முறை வரும் என்று தோன்றாவிட்டால் அலொக்கேஷன், கொலேஷன் இரண்டும் தப்பிவிடும்.

சரிபார்ப்பது. ஒன்லுக் என்ற அகராதித் தேடல் தளம் இதற்கு நல்லது. அங்கே நட்சத்திரக் குறி போட்டால் 'எத்தனை எழுத்து வேண்டுமானாலும்' என்று பொருள். கேள்விக்குறி ஒன்றுக்கு ஓர் எழுத்து. எட்டுக் கேள்விக்குறி போட்டு, ஒட்டினாற்போல டீ-ஐ-ஓ-என் அடித்தால் அந்த வால் கொண்ட 12 எழுத்துச் சொற்கள் வரிசையாக வரும். வெறும் நட்சத்திரம் போட்டால் பட்டியல் முடியவே முடியாது; நீளத்தைக் கட்டிப்போடுவது நல்லது. ஆனால் இதை ஆட்டம் முடிந்த பிறகு செய்யுங்கள். முன்னாலேயே பார்த்துவிட்டால் அப்புறம் எதற்கு ஆட வேண்டும்? அகராதியில் இருக்கிற சொல்லையெல்லாம் ஸ்பெல்லிங் பீ ஏற்றுக்கொள்ளாது என்பதையும் நினைவில் வையுங்கள். அவர்கள் பட்டியலே வேறு.

ஸ்கிராபிள் ஆடுகிறவர்களுக்கும் இதே வழிதான், ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே கையில் இருக்கும் ஏழு வில்லைகளில் ஒவ்வொன்றையும் ஒரு முறைதான் வைக்கலாம். ஏழையும் ஒரே சுற்றில் வைத்தால் 50 புள்ளி கூடுதல். இதே ஏழு எழுத்து உங்கள் கையில் இருந்து, பலகையில் ஓர் ஓ வசதியான இடத்தில் திறந்திருந்தால் லொக்கேஷன் அப்படியே இறங்கும். ஆகவே பலகையில் கிடக்கும் எழுத்தை எட்டாவதாகச் சேர்த்தே வாலைத் தேடுங்கள்.

உங்களுக்கு ஒரு வேலை. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடுவதற்கு வேதியியலில் ஒரு 11 எழுத்துச் சொல் உண்டு. அதுவும் இதே ஏழு எழுத்துகள்தான். தொடக்கம் சி-ஏ-எல், முடிவு ஏஷன். நடுவில் நான்கு... இல்லை, மூன்றே எழுத்து.