மரபுவழிக் கணக்கைப் பிழையின்றிப் போடுவது எப்படி?

சிங்கப்பூரில் ஓ நிலை உயிரியல் தேர்வு எழுதும் மாணவர்கள், பிள்ளைக்கு வரக்கூடிய மரபணுச் சேர்க்கைகளைக் காட்டும் கட்டத்தை வரைவதற்கு முன்பே, ஒரு மரபணுவின் வடிவங்களான அல்லீல்களில், ஒன்று இருந்தாலே வெளிப்படும் ஓங்கு அல்லீலுக்குப் பெரிய எழுத்தையும் இரண்டு சேர்ந்தால் மட்டுமே வெளிப்படும் ஒடுங்கு அல்லீலுக்கு அதே எழுத்தின் சிறிய வடிவத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆங்கில 'எஸ்', 'சி' ஆகியவற்றின் இரு வடிவங்களும் கையெழுத்தில் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் 'ஏ'யைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பானது.

இங்குள்ள குடும்பங்களிலும் காணப்படும் பீட்டா தலசீமியா என்ற ஒடுங்கு வகைப் பரம்பரை இரத்த நோயை எடுத்துக்கொள்வோம். பெற்றோர் இருவரும் கடத்திகள், அதாவது நோயின்றி நோய்க்குரிய அல்லீலைச் சுமப்பவர்கள் என்றால், இருவரிடமும் ஒரு பெரிய 'ஏ'யும் ஒரு சிறிய 'ஏ'யும் இருக்கும். பாலணுக்களை (விந்தணு, முட்டை) உருவாக்கும் குன்றல் பகுப்பின்போது அவை பிரிவதால் ஒவ்வொரு பாலணுவுக்கும் ஒன்றுதான் போய்ச் சேரும். நான்கு கட்டங்களில் ஒன்று நோயுமற்றது கடத்தியுமல்ல, இரண்டு நோயற்ற கடத்தி, ஒன்று நோயுற்றது.

இந்த நான்கில் ஒரு பங்கு என்பதை, நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கு நோய் வந்தே தீரும் என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும், ஏனெனில் ஒவ்வொரு கருத்தரிப்பிலும் வாய்ப்பு புதிதாகவே தொடங்குகிறது. மூன்றுக்கு ஒன்று எதிர்பார்க்கப்படும் மரபியல் முன்னோடி மெண்டலின் பட்டாணி ஆய்விலேயே 5474 உருண்டை விதைகளும் 1850 சுருங்கிய விதைகளும் கிடைத்தன; சரியாக மூன்றுக்கு ஒன்று அல்ல, ஏறத்தாழ 2.96க்கு ஒன்று.

சற்றுக் கடினமான கேள்வியும் உண்டு: இத்தம்பதியரின் நோயற்ற பிள்ளை கடத்தியாக இருக்கும் வாய்ப்பு என்ன? பலர் பாதி என்பர். நோயுற்ற கட்டத்தை நீக்கினால் எஞ்சுவது மூன்றே என்பதால், விடை மூன்றில் இரண்டு.